முகத்தில் வைக்காத புள்ளி

எந்தப் படத்திலும் அவள் முகம் இல்லை.

கீழே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் செண்பகம் கிடக்கிறாள். மாடியில், தன் ஸ்டுடியோ அறையில் உட்கார்ந்து, அவன் மனைவியின் ஒரு நல்ல முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். தலைமாட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும்.

கோவில்பட்டி வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களை எடுத்தவன் அவன்.

குற்றாலம். அருவி அருமையாக வந்திருக்கிறது. முன்னால் ஒரு நிழல் நிற்கிறது.

திருச்செந்தூர். கடல் இருக்கிறது, வானம் இருக்கிறது. நடுவில் ஒரு சேலை மட்டும் இருக்கிறது.

மகளுடைய சடங்கு. மேடை முழுக்க சீரியல் லைட். செண்பகம் நின்ற இடத்தில் மூக்குத்தி தெரிகிறது.

கேமராமேல் பழி போட வழியில்லை. மொத்தக் காட்சியையும் சேர்த்து அளக்கச் சொன்னால், அது பின்னால் இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். முன்னால் நிற்பவர் முகம் இருட்டாகும். ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாற்றி, நடுப்புள்ளியை முகத்தில் வைத்து அளந்தால் போதும். ஒரு பொத்தான் வேலை. முன்பின் தெரியாத மணப்பெண்களுக்கெல்லாம் அவன் விரல் தானாகவே அதைச் செய்யும்.

இவளுக்குச் செய்ததில்லை.

படம் இருட்டாக வரும்போதெல்லாம் சொந்தக்காரர்களிடம் காட்டி ஒன்றையே சொல்வான்.

“கருப்பட்டிய எடுத்தா கேமரா என்னத்தப் பண்ணும்?”

எல்லாரும் சிரிப்பார்கள். செண்பகமும் சிரிப்பாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“கல்யாணப் பொண்ணுக்கெல்லாம் முகத்துல புள்ளி வச்சு அளக்கீகளே. எனக்கும் அப்படி ஒண்ணு எடுங்களேன்.”

“நீ என்ன கல்யாணப் பொண்ணா?” என்றான்.

அதோடு விட்டுவிட்டாள்.

குற்றாலத்துப் படத்தில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தான். இன்னும் ஏற்றினான். அருவி வெளுத்தது, பாறை வெளுத்தது. அவள் முகம் இருந்த இடத்தில் பச்சையும் சிவப்புமாகப் பொடி கிளம்பியது. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. பதிவாகாததை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது. அவனுக்குத் தெரியாதா என்ன.

கீழிருந்து மச்சினன் இசக்கி குரல் கொடுத்தான். ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து போன்மேல் போனாம்.

அலமாரியில் கிடந்த பழைய கேமராவின் கார்டையும் செருகிப் பார்த்தான்.

ஆவணி மாதத்துப் படங்கள். அவன் எடுத்தவை அல்ல. செண்பகத்தின் நோயைப் பார்த்து மதுரை டாக்டர் கையை விரித்த மறுநாள் தேதி. அன்றைக்கு அவன் சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தான்.

முதல் படத்தில் இந்த வீட்டு ஜன்னல். அதன் முன்னால் ஒரு காலி ஸ்டூல், இருட்டாக.

அடுத்ததும் இருட்டு.

மூன்றாவதில் ஸ்டூல்மேல் குடம். குடத்தின்மேல் சொம்பு. சொம்பின்மேல் ஒரு கருப்பட்டி.

உட்கார்ந்தால் முகம் வரும் உயரம்.

ஜன்னல் வெள்ளையாக எரிந்துபோயிருந்தது. கருப்பட்டி தெளிவாக இருந்தது. அதன்மேல் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது.

படத்தின் விவரத்தைத் திறந்தான். ஸ்பாட் மீட்டரிங் என்று போட்டிருந்தது.

நான்காவதில் செண்பகம்.

கருப்பட்டியில் அளந்த வெளிச்சத்தை அப்படியே நிறுத்தி, டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணச் சேலை. தலை நிறையப் பூ. புருவத்துத் தழும்பு, கண்ணுக்குக் கீழே சுருக்கம், எண்ணெய் மினுங்கும் கன்னம், எல்லாம் இருந்தன. சிரிக்கவில்லை.

சுற்றிலும் மாலை விழ இடம் விட்டிருந்தாள்.

அவனுக்கு அழுகைக்கு முன்னால் அவமானம் வந்தது.

இசக்கி மேலேயே வந்துவிட்டான். திரையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றான்.

“அக்கா முகம் அப்படியே இருக்கே மச்சான். யாரு எடுத்தது?”

“நான்தான்.”

இசக்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் வழக்கம்போல் படத்தின் கீழ்மூலையில் ஸ்டுடியோ பெயரைப் போட்டு, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பினான்.

பிறகு கருப்பட்டிப் படத்துக்குத் திரும்பினான்.

அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

ஆமாம் என்று அழுத்தினான்.