நீக்கக் காரணம்

ஓடிப்போன மகள் சௌந்தர்யாவின் பெயர், அரசாங்கக் கணினிப் பதிவேட்டில் இன்னும் தம் குடும்பப் பட்டியலில் இருப்பது தலைமையாசிரியர் இளங்கோவனுக்கு மானக்கேடாக இருந்தது. நீக்கச் சொல்லிப் போன மாதமே மனு கொடுத்திருந்தார். இன்று அலுவலகத்திலிருந்து உடனே வரச்சொல்லி போன் வந்தது.

"என்னம்மா, பேரை எடுத்துட்டியா?" என்றபடி நுழைந்தார்.

பதிவேட்டைப் பராமரிக்கும் வினோதினி எழுந்து நின்றாள். "மொதல்ல உக்காருங்க சார்."

"உக்கார வரல. பேரை எடுக்க, திருமணம், இறப்புன்னு ரெண்டு காரணம்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்கும்னு சொன்னியே. அவ பண்ணிக்கிட்டது கல்யாணமே இல்ல. இறப்புன்னே போடு."

"சார், கொஞ்சம் கேளுங்க..."

"தேதி வேணுமா? ஆறு வருஷம் முன்னாடி, வீட்டை விட்டுப் போனாளே, அன்னிக்கே செத்துட்டா."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மெல்ல எழுந்தார்.

"நான் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வரேன் சார். உங்க விலாசம் கேட்டுத்தான் இங்க வந்தேன். காலைல ஒரகடத்துல கம்பெனி வேன் கவுந்துடுச்சு. உங்க பொண்ணும் புருஷனும் அதுல வந்துக்கினு இருந்தாங்க. ரெண்டு பேருமே இல்ல."

இளங்கோவன் நிமிர்ந்தே நின்றார்.

"என்னை எதுக்குத் தேடி வந்தீங்க?"

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கம்பெனி பாரத்துல ஒரு கேள்வி கீது சார். அதுல அந்தப் பொண்ணு உங்க பேரத்தான் எழுதி வெச்சிருக்கு."