முன்தட்டுக் குப்பி

"இன்னிக்கும் ஒரே ஒரு ட்யூப்தானாக்கா?"

"ஒண்ணுதான். நாளைக்கு வா."

ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியக்கா எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள். ஆய்வுக்கூடத்து ஃப்ரீசர் சாவி இருபது வருஷமாக அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில்தான். முதுகைக் காட்டிக்கொண்டு திறப்பாள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ட்யூபை எடுத்துத் தருவாள், பூட்டிவிடுவாள்.

ட்யூபில் இருப்பது ஆன்டிபாடி. கெட்ட பாலில் கிருமி கக்கிவிட்டுப் போன விஷத்தை, அது ஒரு குளத்தில் கரைத்த கடுகளவு இருந்தாலும், தேடிப் போய்க் கவ்வும். கவ்வினால் சோதனைக் குழியில் நீலம் வரும். மோப்ப நாய் மாதிரிதான். என்ன, இந்த நாய்க்குக் குளிர் வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்து இளக்கினால் மூக்கு செத்துவிடும்.

"அக்கா, அறுபது பால் சாம்பிள். நேத்து பன்னிரண்டுதான் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு கொடுக்கலைன்னா என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். நீங்க இப்படிச் சொட்டுச் சொட்டாக் கொடுத்தா, பேரன் பிறந்தப்புறம்தான் நான் பட்டம் வாங்குவேன்."

"விழாவுல பேரனுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லிடலாம்."

"நீங்களே வெச்சுக்கங்க உங்க ட்யூபை." மாணவி விருட்டென்று போய்விட்டாள்.

மதியம் சாவியக்கா சாப்பிடப் போனாள். ஆய்வுக்கூடத்துக் கோட்டோடு சாப்பாட்டு அறைக்குள் நுழையக் கூடாது என்பது விதி. கோட்டு ஆணியில் தொங்கியது. சாவி கோட்டில் தொங்கியது.

மாணவி ஃப்ரீசரைத் திறந்தாள். முன்தட்டிலேயே அந்தப் பெரிய கண்ணாடிக் குப்பி, கொட்டை எழுத்து லேபிளோடு. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் புரொபசர் பெருமையாக எடுத்துக் காட்டுகிற குப்பி. கல்லாய் உறைந்திருந்தது. உள்ளங்கையில் உருட்டி இளக்கி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு நழுவினாள்.

மிச்சமிருந்த நாற்பத்தெட்டு சாம்பிளையும் ஒரே மூச்சில் போட்டாள்.

சாயங்காலம் பார்த்தால், ஒரு குழியிலும் நீலமில்லை. விஷம் இருக்கிறது என்று தெரிந்தே வைத்திருந்த குழியிலும் இல்லை. நாய் செத்துவிட்டது.

நேற்று நன்றாகக் கவ்வியது இன்று எப்படிச் சாகும்? மாணவிக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நேராகப் புரொபசர் அறைக்குப் போனாள். எங்கிருந்து எடுத்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"ஆன்டிபாடி கெட்டுப் போச்சு சார். நேத்து ராத்திரி ஃப்ரீசர் கதவைச் சரியா மூடாமப் போயிருக்காங்க."

புரொபசர் குப்பியோடு சாவியக்காவை வரவழைத்தார்.

"இது என்ன ஊறுகாய் ஜாடியா? புதுசா வாங்கினா வந்து சேர நாலு மாசம். இதைக் குளிர்லேர்ந்து வெளியே எடுக்கவே கூடாதுன்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்?"

குப்பியை உள்ளங்கையில் உருட்டியபடியே இருபது நிமிஷம் திட்டினார். குப்பி வியர்த்து, தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது.

சாவியக்கா மாணவியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா சார். கதவைச் சரியா மூடலை போலிருக்கு. என் தப்புதான்."

"தப்புன்னா ஆச்சா? இந்தப் பொண்ணோட ஒரு வருஷத்துக்கு யார் பதில் சொல்றது? போங்க. குப்பியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க, காட்டணும்."

வெளியே வந்ததும் மாணவிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

சாவியக்கா ஃப்ரீசரைத் திறந்தாள். குப்பியை முன்தட்டில் அதன் இடத்திலேயே வைத்தாள். பிறகு தோள் வரை கையை உள்ளே விட்டு, பனிப் பைகளுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தாள். உள்ளே நான்கு ட்யூப்கள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஒட்டியிருந்தது.

"ஒரு ட்யூபுக்குப் பன்னிரண்டு சாம்பிள். உன் வெள்ளிக்கிழமையைக் கணக்குப் போட்டுத்தான் பிரிச்சு வெச்சேன். அன்னன்னிக்கு இளக்கினதை அன்னன்னிக்கே தீர்த்துடணும். உன்கிட்ட மொத்தமாக் கொடுத்தா மீந்ததைத் திரும்ப உறைய வெப்பே. சாம்பிள்ல பால் மிச்சமிருக்கா?"

"இருக்குக்கா. ஆனா ஆன்டிபாடிதான் செத்துப் போச்சே."

"இது சாகலை. நாளைக்கு ரெண்டு ட்யூப் எடுத்துக்கோ. அப்புறம் ஒண்ணு, சாவியை எடுத்தா எடுத்த பையிலயே போடணும். நான் வலது பையில வெச்சிருந்தது, திரும்பி வர்றப்போ இடது பையில இருந்துச்சு."

மாணவிக்குக் காது சுட்டது. "தெரிஞ்சுமா பழியை ஏத்துக்கிட்டீங்க? என்னை மாட்டி விட்டிருக்கலாமே."

"விட்டிருக்கலாம். அப்புறம் அந்தக் குப்பியில என்ன இருக்குன்னு அவர் கேப்பாரே."

"என்னக்கா இருக்கு?"

சாவியக்கா ஃப்ரீசரைப் பூட்டி, சாவியை வலது பையில் போட்டாள்.

"உப்புத் தண்ணி. வர்ற ஒவ்வொரு விருந்தாளிகிட்டயும் அவர் அதைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டு, 'குளிர்லேர்ந்து வெளியே எடுக்கவே கூடாது'ன்னு அரை மணி நேரம் பேச ஆரம்பிச்ச அன்னிக்கே மாத்திட்டேன்."