குடைக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்

இருபது நாள் குழந்தையாகக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்த மகன் ஸ்பெயினில் வளர்ந்திருக்கிறான் என்று தெரிந்து, அவனுடைய முகவரியும் கைக்கு வந்த பிறகு, ஐம்பத்தைந்தாவது வயதில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தாள் புஷ்பமேரி. எதற்காகப் படிக்கிறாள் என்பதை ஆசிரியை ஜெனிட்டாவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைய பாடத்தில் ஒரு பொருளின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சொல்லைப் போட வேண்டும். 'குடையைப் பேருந்தில் விட்டுவிட்டேன்' என்ற வாக்கியத்தில் குடை போய் 'லோ' வந்தது.

"குடைக்குப் பதிலா ஆம்பளப் புள்ளைன்னா, டீச்சர்?"

"அதுக்கும் லோதான்க்கா."

"ரெண்டுக்கும் ஒண்ணேவா?"

"ஆமா. ஆனா யாரை, எதைச் சொல்றோம்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும்."

புஷ்பமேரி பேனாவை மூடி வைத்தாள். முப்பது வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அன்று ஜெனிட்டாவிடம் சொன்னாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, ஜெனிட்டா மகனுக்கு ஸ்பானிஷில் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. முதல் வரியில் இரண்டே சொற்கள். புஷ்பமேரி தனக்குத் தெரிந்த சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, கடிதத்தை வகுப்புக்கே எடுத்துப் போனாள்.

"இதுல லோவைக் காணோமே டீச்சர். இது என்னது, 'தே'ன்னு?"

ஜெனிட்டா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"'தே'ன்னா 'உன்னை'ன்னு அர்த்தம்க்கா. 'உன்னைத் தேடினேன்'னு எழுதியிருக்காரு."

புஷ்பமேரி அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"எப்பருந்துன்னு கேக்கணும் டீச்சர். அதுக்கு என்ன வார்த்தை?"