கேள்வி நேரம் கடைசியில்

மூச்சுத் திணறுகிறவரை எப்படிக் கவனிப்பது என்று பெரிய டாக்டர் கைபேசித் திரையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கிராமத்து நர்ஸம்மா, மூச்சுத் திணறும் பெரியவர் ஒருவரைக் கட்டிலில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செய்முறைப் பயிற்சி இல்லையே என்று இனி ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

முதலில் வரவேற்புரை. அப்புறம் டாக்டர் வாங்கிய பட்டங்கள். அதற்கப்புறம் நுரையீரலின் படம். நல்ல படம்தான், கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம்.

பெரியவரின் விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு எண்பத்தாறு என்று காட்டியது. ஆம்புலன்ஸ் காலையிலிருந்து ‘இதோ வந்துகொண்டே’ இருந்தது. அவருடைய மகனுக்கு அடித்தால் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதாம். பிள்ளை பெற்ற பாக்கியம்!

“குப்புறப் படுக்க வைக்கணும்” என்றார் டாக்டர்.

அது நர்ஸம்மாவுக்கும் தெரியும். ஆனால் போன மாதம்தான் பெரியவருக்கு இடுப்பெலும்பு உடைந்து தகடு வைத்திருக்கிறது. புரட்டப்போய் அது பெயர்ந்துகொண்டால்? எழுதிக் கேட்டாள்.

“கேள்வியெல்லாம் கடைசியில.”

யாருடைய கடைசியில் என்று டாக்டர் சொல்லவில்லை.

எண்பத்து மூன்று. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று நர்ஸம்மா மைக்கைத் திறந்தாள்.

“சார், ஆளு கண்ணு முன்னாடி போய்ட்டிருக்காரு. இடுப்புல தகடு வச்சவரு. புள்ளைக்கு அடிச்சா போன் ஆஃப்ல இருக்கு. எப்படிப் படுக்க வைக்க?”

டாக்டர் முகம் சுளித்தாலும் பதில் சொன்னார். ஆபரேஷன் செய்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களிக்க வேண்டும், கால்களுக்கு நடுவில் தலையணை வேண்டும். அப்படியே செய்தாள்.

எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. நர்ஸம்மாவுக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. மவராசன், நல்லா இருக்கட்டும் என்று டாக்டரை மனசார வாழ்த்தினாள்.

டாக்டருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. உபதேசிக்க உதாரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

“பாருங்க, இவ்வளவு முத்தினப்புறம்தான் கொண்டு வர்றாங்க. பெத்த அப்பனை இப்படிப் போட்டுட்டு அந்தப் புள்ள எங்க போய்த் தொலைஞ்சான்?”

நர்ஸம்மா கைபேசியைக் கட்டில் பக்கம் திருப்பி, பெரியவரின் முகத்தைக் காட்டினாள்.

“எங்களுக்குப் பாடம் எடுத்துட்டிருக்காரு, சார்.”

டாக்டரின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

“சார், சத்தம் கேக்கல” என்றார் யாரோ ஒரு புண்ணியவான்.