துவைக்கிற கல்

"கல்வெட்டா? எங்க வூட்ல அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். யாரோ உங்களை வீணா அலைய வுட்டுட்டாங்க" என்றான் எல்லப்பன், வாசலை விட்டு நகராமல்.

சாலவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சித்திரை வெயிலில் மூன்று மைல் நடந்து வந்த தாண்டவராயன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெங்களூரில் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிறவராம். நட்சத்திரம் பார்க்கிறவருக்குப் பட்டப்பகலில் எல்லப்பன் வீட்டில் என்ன வேலை?

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னால, ஒரு சூரிய கிரகணத்தன்னிக்கு வெட்டின கல்லுங்க அது. இந்த ஊர்ல கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிச்சுதுன்னு தெரிஞ்சா, பூமி சுத்துற வேகம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுடலாம்."

"பூமி பாட்டுக்குச் சுத்தட்டும் சார். நம்மகிட்ட கல்லு இல்ல."

எல்லப்பன் என்ன இளிச்சவாயனா? இந்த மனை கோயிலுக்குச் சொந்தம், காலி பண்ணு என்று தர்மகர்த்தா கேஸ் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் கடைசி வாய்தா. தோற்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். இந்த நேரத்தில் பேன்ட் போட்ட ஒருத்தர் கல்வெட்டு கேட்டு வந்தால், அனுப்பியது யார் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எழுத்து வெட்டின கல் இருக்கிற இடமெல்லாம் கோயில் இடம் என்று ஊரே பேசிக்கொள்கிறது.

வந்தவரோ கிளம்புகிற வழியாய் இல்லை. "இந்தக் கோழிக்கு ஏன் கழுத்துல இறகே இல்லை?" என்றார். சுவரேறும் எறும்பு வரிசையோடு கூடவே நடந்து போனார். அப்புறம், ஊர் ஏரி மடையைத் திறக்கிறது யார் என்று கேட்டார்.

"நாங்கதான் சார். இவங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து மடை எங்க குடும்பந்தான் பாத்துக்கினு கீது" என்றாள் எல்லப்பன் மனைவி அம்முலு, மோர்ச் சொம்பை நீட்டியபடி.

எல்லப்பன் அவளை முறைத்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாளே!

தாண்டவராயனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மோரைக் குடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர், அங்கே கிடந்த துவைக்கிற கல்லையே பார்த்தார்.

"இதைப் புரட்டிப் பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க சார்!"

எல்லப்பன் குரலில் இப்போது பயமே இல்லை. கடப்பாரையையும் அவனே கொண்டுவந்தான்.

கல் புரண்டது. அடிப்பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி புத்தம்புது உளிப் புள்ளிகள். தேடினாலும் ஓர் எழுத்து இல்லை.

"ஐயையோ... யாருங்க இப்படிப் பண்ணினது?"

"போன வாரம் அம்மி கொத்துறவன் வந்தான். அம்மி, ஆட்டுக்கல்லோட இதையும் நல்லாக் கொத்திட்டுப் போடான்னேன்." எல்லப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போயி உங்க தர்மகர்த்தாகிட்ட சொல்லுங்க சார், எல்லப்பன் வூட்ல கல்வெட்டு இல்லன்னு!"

"எந்த தர்மகர்த்தா? எனக்கு வழி சொல்லி அனுப்பினது உங்க வக்கீல் ஏகாம்பரமாச்சே!"

எல்லப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நூறு வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் இந்தக் கல்லைப் படிச்சு ஒரு வரி எழுதி வெச்சிருக்கார். கிரகண நேரத்தை எழுதலை, அதுக்குத்தான் நான் வந்தேன். அந்த ஒரு வரியைப் பாத்துட்டு உங்க வக்கீல் துள்ளிக் குதிச்சார். வெறும் காகிதத்தைக் கோர்ட்டு ஏத்துக்காது, கல்லைப் போட்டோ பிடிச்சுக் கொண்டு வாங்கன்னார். கண்ணால பாக்காததைச் சொல்லி ஆசை காட்ட வேணாம்னுதான் வந்ததும் இதைப் பத்தி வாயைத் திறக்கலை."

தாண்டவராயன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் படித்தார்:

"இம்மனை ஏரி மடை காக்கும் குடிக்கே உரியது, சந்திர சூரியர் உள்ளவரை கோயிலாரும் இவர்களை இங்கிருந்து வெளியேற்றக் கூடாது."