ஆகக் குறைந்த அளவு

“தங்கம் நிறுக்கிற மாதிரி நிறுக்கிறீங்களே மாப்பிள்ளை. ஒரு சிட்டிகை கூடப் போட்டா என்ன?”

“மருந்து அட்டவணையைத் தாண்டினா துப்பாக்கியே வெடிச்சிடும் மச்சான்.”

அண்ணன் குலோத்துங்கனும் கணவர் சந்திரமோகனும் சிரித்தபடி பேசியதை வசுமதி சமையலறையிலிருந்து கேட்டாள். மறுநாள் ரைஃபிள் கிளப்பில், கணவர் வெடிமருந்து நிரப்பிக் கொடுத்த தோட்டா வெடித்துத் துப்பாக்கி சிதறியது. அண்ணன் பிழைக்கவில்லை. “அளவாத்தான் போட்டேன்” என்று கணவர் சொன்னார். பதினோரு வருடமாக அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கோடையில் அவர் மறுபடி தோட்டா நிரப்பத் தொடங்கினார். துப்பாக்கி புதிது, மருந்தும் புதிது. ஆனால் சுட்ட பிறகு எடுத்துவந்த பித்தளைக் கூடுகள் எல்லாவற்றிலும் பின்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி தட்டையாக நசுங்கியிருந்தது. சுடும்போது உள்ளே அழுத்தம் எல்லை மீறியதற்கு அதுதான் அடையாளம். அவர் மருந்தைக் குறைத்தார். அடுத்த வாரம் இன்னும் குறைத்தார். தராசை இரண்டு முறை மாற்றினார். அட்டவணையில் இருந்த ஆகக் குறைந்த அளவுக்கு வந்த பிறகும் மூடிகள் முன்பைவிட மோசமாக நசுங்கின.

இன்று காலை அதே அளவில் ஒரே ஒரு தோட்டாவை நிரப்பி மேஜையில் வைத்தார்.

“இதுவும் அப்படியே வந்தா விட்டுடறேன் வசு” என்று செருப்பை மாட்டப் போனார்.

வசுமதி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் சுடாத தோட்டா. மூடி தட்டையாக நசுங்கியிருந்தது.

கை நீட்டியவரிடம் அவள் அதைக் கொடுக்கவில்லை.

“அன்னைக்கு அண்ணனுக்கு எவ்வளவு போட்டீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.”