முன்னால் ஓர் இசட்

அந்த அலுவலகத்தின் பொது டிரைவில் ஆளுக்கொரு ஃபோல்டர் உண்டு. அவரவர் பெயர்தான் அதற்கும் பெயர். வேலையை விட்டுப் போனவரின் ஃபோல்டரை அழிக்கக் கூடாது; பெயருக்கு முன்னால் ஆங்கில எழுத்து இசட்டைச் சேர்த்துவிட வேண்டும். அது தானாகப் பட்டியலின் அடிக்குப் போய்விடும், யார் கண்ணிலும் படாது. இசட் போடுவது மங்கையர்க்கரசியின் வேலை.

வெள்ளிக்கிழமை மாலை, செல்வினின் பெயர் அடியில் கிடப்பதைப் பார்த்தாள். அவர் எதிரில்தான் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், யாரோ உங்களக் கீழ தள்ளிட்டாங்க. சத்தியமா நான் இல்ல” என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். “இருக்கட்டும்மா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஆற்றுப்பாலத்தின் நடுவில் அவருடைய பைக் மட்டும் நிற்பதாகப் போலீஸிலிருந்து போன் வந்தது. பேசி முடித்த மேலாளர் போனை வைத்தார். பிறகு, “அவர் ஃபோல்டருக்கு இசட் போட்டுடுங்கம்மா” என்றார்.

“ஏற்கெனவே போட்டிருக்கு சார்.”

“யாரு போட்டா?”

பெயரை மாற்றியது யார் என்ற விவரத்தை அவள் திறந்து காட்டினாள். செல்வின், வெள்ளி மதியம்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் அந்த இசட்டை அழித்தாள். செல்வினின் பெயர் எழும்பி, அவளுடைய பெயருக்குக் கீழே வந்து நின்றது.

“என்னம்மா பண்றீங்க?”

“இன்னும் ஆளக் கண்டுபிடிக்கலயே சார்.”